விசிறி மட்டும் இல்லையென்றால்: நானே செய்த ரீஃப் விளக்கு

பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டிக்கு நானே செய்த விளக்கில் எல்இடி போகவில்லை, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் போகவில்லை. போனது மறுபடியும் விசிறிதான். அதை மாற்றிய கையோடு எழுதுகிறேன், அதனால் எழுத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரியும். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் நண்பர் ஒருவர் 2 அடி கடல்நீர்த் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, லைட்டை நானே செஞ்சுக்கட்டுமா?" என்று நச்சரிக்கிறார். அவருக்கான பதிலும் இதில் உண்டு.

செய்முறையை விட்டுவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 3 வாட் எல்இடிகள். பாதிக்கு மேல் 450 நானோமீட்டர் ராயல் புளூ, மீதி வயலெட்டும் வெள்ளையும். 48 வோல்ட் பவர் சப்ளை, மீன்வெல் நிறுவனத்தின் எல்டிடி டிரைவர்கள், சூட்டை இறக்க அலுமினிய ஹீட்சிங்க், அதன் முதுகில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி. சாமான் பாதி சிம் லிம் டவரில் வாங்கியது, மீதி இணையத்தில்.

வெளிச்சத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஹேமர் பவளம் தலை தலையாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. மான்டிபோரா என்ற இன்னொரு பவளம் பாறையைத் தாண்டிக் கண்ணாடியிலும் ஏறிவிட்டது. பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு நீலம்தான் முக்கியச் சாப்பாடு, அதைத் தாராளமாகக் கொடுக்கிறோம், வளர்கிறது, அவ்வளவுதான். (புலாவ் ஹந்து தீவுப் பக்கம் கலங்கிய பச்சை நீரில், சில மீட்டர் ஆழத்துக்கே இறங்கும் வெளிச்சத்தில் பிழைக்கும் பவளங்கள் இந்த உபசாரத்தைப் பார்த்தால் சிரிக்கும்.) இரவு வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் விட்டால் ஹேமரின் நுனிகள் பச்சையாக எரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டி முன்னால் நின்றுவிடுவார்கள், காபி ஆறிப்போகும்.

பழுது பார்ப்பதும் சுலபம். ஒருமுறை நீல வரிசை முழுக்க இருட்டானது. கட்டைவிரல் அளவு எல்டிடி மாட்யூலைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினேன், எரிந்தது. கடை விளக்காக இருந்தால் போர்டையே மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

சரி, விசிறிக்கு வருகிறேன்.

வாங்கிய புதிதில் அது ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், அத்தனை அமைதி. சில மாதத்தில் மெல்ல ஒரு முனகல் ஆரம்பிக்கும். அப்புறம் அது கிர்ர்ர் ஆகும். ஹாலில்தான் தொட்டி. அம்மா வசந்தம் டிவியில் நாடகம் பார்க்கும் நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். "உன் மீனு கத்துதுப்பா" என்பார். மீன் கத்தாது அம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

காரணம் உப்பு. தொட்டியின் மேற்பரப்பில் குமிழி உடையும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன, விசிறி அதை இழுத்துத் தன் மேலேயே பூசிக்கொள்கிறது. இதற்கு வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் வைத்தியம், காய்ந்த உப்பைத் தூரிகையால் தட்டிவிடு என்பது. இங்கே காய்ந்தால்தானே! சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 80க்கு மேல். மத்தியானம் கொஞ்சம் இறங்கினாலும், கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே ஈரம் பிடித்துக்கொள்ளும். ஏர்கான் போடாத ஹாலில் விசிறி மேல் படியும் உப்பு எந்த நேரமும் பிசுபிசுவென்றே இருக்கும். அந்த ஈரம் விசிறியைச் சுழலவைக்கும் பேரிங்கின் எஃகுக்குள் இறங்கினால் துரு, துருவுக்குப் பின்னால் சத்தம்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சால்டரிங் இணைப்புகளில் நகப்பூச்சு தடவினேன். அது அருமையாக வேலை செய்கிறது, இன்றுவரை ஓர் இணைப்புகூடப் பச்சை பிடிக்கவில்லை. காற்று மேலே போகாமல் கீழே ஹீட்சிங்க் மேல் அடிக்கும்படி விசிறியைத் திருப்பினேன். ஆயுள் கொஞ்சம் கூடியது. தூசும் நீரும் புகாது என்பதற்கு அடையாளமாக ஐபி67 என்று போட்ட விலை கூடிய விசிறி வாங்கினேன். மோட்டார் சுருளையும் மின்சுற்றையும் நன்றாக மூடியிருந்தார்கள், பேரிங் வழக்கம்போல் போனது. விசிறியே இல்லாமல் பெரிய ஹீட்சிங்க் போடச் சொல்கிறார்கள். குளிர்நாட்டில் போடலாம். அறையே 31 டிகிரியில் இருக்கும்போது, அதே வெப்பத்தைக் கொட்ட அந்த அலுமினியத் தட்டு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். அதன் எடையைத் தாங்க கூரையில் கொக்கியும் அடிக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் கடை விளக்கிலும் விசிறி உண்டு, அங்கேயும் இதே உப்புதான். பலவற்றில் அது உள்ளே ஆழத்தில் கிடக்கும். கழற்றுவதற்குள் உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்துவிடும். என்னுடையதில் நாலு திருகாணி, பத்துப் பதினைந்து வெள்ளி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மாற்றலாம். விசிறி நின்றால் விளக்கை அணைக்க ஒரு வெப்ப ஸ்விட்சும் வைத்திருக்கிறேன். நான் வேலைக்குப் போன நேரத்தில் நின்றாலும் எல்இடி கருகாது. பவளம் ஒருநாள் இருட்டில் கிடக்கும், அதற்கு அது தாங்கும்.

இத்தனையும் கூட்டிக் கழித்தால், செய்யலாம் என்றுதான் விடை வரவேண்டும். ஆனால் நண்பருக்கு இன்று நான் சொன்னது: வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலத்திலாவது அந்தச் சத்தம் வேறு யாருடைய தலைவலியாகவாவது இருக்கட்டும்.

"அப்படின்னா உங்க லைட்டை எனக்குக் குடுத்துடுங்க" என்றார்.

தருவதாக இல்லை. விசிறியை இப்போதுதான் மாற்றியிருக்கிறேன்.