குளக்கட்டில மூண்டு மாரி: விலை குறைஞ்ச 20-60×80 ஸ்பொட்டிங் ஸ்கோப் எப்பிடி?

முதலே சொல்லிடுறன், இது துவக்கில பூட்டுற ஸ்கோப் இல்லை. குருவி பாக்கிறது, ஸ்டான்டில வச்சு 20இல இருந்து 60 மடங்கு வரை பெருக்கிப் பாக்கிற ஒற்றைக் குழாய்த் தூரநோக்கி. இதை ஏன் முதல் வசனத்திலயே சொல்லுறன் எண்டால், கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில முதல் நாள் இதை நிப்பாட்டினோடன பக்கத்தில மாடு சாய்ச்சுக்கொண்டு வந்த ஐயா கேட்ட கேள்வி, "தம்பி, உது துவக்கோட பூட்டுறதோ?" வன்னியில நீளமா கறுப்பா ஒரு குழாயை மூண்டு காலில நிப்பாட்டினால் ஆக்களுக்கு வேற என்ன ஞாபகம் வரும். பேந்தொருக்கா ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில வந்து நிண்டு விசாரிச்சவை, நான் ஒண்டும் விளக்கேல்லை, நீங்களே கண்ணை வச்சுப் பாருங்கோ எண்டு விட்டன், கூழைக்கடாவைப் பாத்திட்டு சிரிச்சுக்கொண்டு போட்டினம். முகாம், சென்றிப் பக்கம் மட்டும் இதைத் திருப்பிப் போடாதேங்கோ.

ஐயாவின்ர கேள்வியிலயும் பிழை இல்லை. இந்தச் சாதிச் சாமானுக்கு யூடியூப்பில தேடினால் வாறதில பாதி அமெரிக்காவில கடதாசி அட்டைக்குச் சுடுற ஆக்கள் தான், 200 யார்ட், 300 யார்ட் தூரத்தில விழுந்த ஓட்டையை எண்ணுறதுக்குத் தான் அவை வாங்கினம். நானும் அந்த வீடியோக்களைப் பாத்து 60 மடங்கு எண்ட நம்பரில மயங்கித் தான் வாங்கினனான். 2021 கடைசியில மச்சான் வெளியில இருந்து வரேக்க கொண்டு வந்து தந்தவர், அடுத்த வருசம் டொலர் 200இல இருந்து 360க்கு ஏறேக்க நல்ல காலம் முந்தியே வாங்கிட்டன் எண்டு நினைச்சன். கொம்பனிப் பேர் சொல்லேல்லை, அதே உடம்பை மூண்டு நாலு பேரில விக்கினம், பேரைப் பாத்து வாங்கிறதில பெரிசா ஒண்டும் இல்லை.

இப்ப அந்த 60 கதைக்கு வருவம். முன்கண்ணாடி 80 மி.மீ., அதை மடங்கால பிரிச்சால் உங்கட கண்ணுக்கு வாற வெளிச்சக் கீற்றின்ர அகலம் வரும். 20இல 4 மி.மீ., நல்ல வெளிச்சம். 60இல 1.3 மி.மீ. தான், விடியப்புறம் ஆறு மணிக்கு, அதுவும் மாரி முகிலுக்க, குளத்தைப் பாத்தால் சாம்பல் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கும். அதோட பாக்கிற அகலமும் சுருங்கும், 20இல ஒரு கூட்டம் தாரா முழுக்கத் தெரியும், 60இல ரெண்டு மூண்டு தான், அதுகும் நீந்திப் போட்டுதெண்டால் திரும்பத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள சீ எண்டு போயிடும். மூண்டு வருசத்தில நான் உண்மையாப் பாவிச்சது 20க்கும் 35க்கும் இடையில. 45 தாண்டினால் என்ர ஸ்கோப்பில படம் பெருக்குதே தவிர புதுசா ஒரு விபரமும் தெரியேல்லை.

எங்கட இடத்துக்கெண்டே இன்னொரு வில்லன் இருக்கு, கானல். காலமை ஒன்பது ஒன்பதரைக்குப் பிறகு, அதுகும் வத்தின குளத்துச் சேறு சுடத் தொடங்கினால், கொக்கு எல்லாம் தண்ணிக்குள்ள நிண்டு ஆடுற மாதிரித் தெரியும். முதல் மாசம் ஃபோகஸ் பிழை எண்டு நினைச்சு அந்த வளையத்தைத் திருகித் திருகிக் கை நொந்து போச்சு. சாமானில பிழை இல்லை, காத்தில தான் பிழை, லச்சக் கணக்கில குடுத்து வாங்கினாலும் உதுக்கு மருந்தில்லை. (சுடுற ஆக்கள் இதையும் விடுறேல்லை, கானல் எந்தப் பக்கம் ஓடுது எண்டு ஸ்கோப்பால பாத்துக் காத்தைக் கணக்குப் போடுவினம். எனக்கு அது தேவைப்படேல்லை.) ஆறரையில இருந்து எட்டரை, அவ்வளவு தான், பேந்து பின்னேரம்.

பெட்டிக்குள்ள ஒரு குட்டி மேசை ஸ்டான்ட் வரும். அதைப் பிள்ளையளுக்கு விளையாடக் குடுங்கோ. மன்னார்ப் பக்கம் வங்காலையில வாடைக்காத்துக்க சாதாரண கமரா ட்ரைபொட்டில வச்சால் 20 மடங்கே நடுங்குது, 40இல பாக்கிறது பஸ்ஸுக்க இருந்து பேப்பர் வாசிக்கிற மாதிரி. நான் கடைசியில ஸ்கோப்பை விடக் கூடக் காசு குடுத்துப் பாரமான வீடியோ ட்ரைபொட் ஒண்டு பழசா வாங்கினன், கால்களை நீட்டாமல் பதிச்சு வச்சு, நடுத் தண்டில சீமெந்துப் பையில மண் போட்டுத் தொங்க விட்டன், அண்டைக்குத் தான் இந்த ஸ்கோப் என்னெண்டு எனக்கே விளங்கினது. அதே கண்ணாடி, அதே குருவி, வேற ஸ்கோப் மாதிரி.

கண் வைக்கிற பக்கம் நேராவும் இருக்கு, 45 பாகை சரிஞ்சும் இருக்கு. நான் சரிஞ்சது எடுத்தன். ஸ்டான்டைப் பதிச்சு வைக்கலாம், மகளும் நானும் உயரம் மாத்தாமல் மாறி மாறிப் பாக்கலாம். ஆனால் குளக்கட்டில ஏறி நிண்டு கீழ தண்ணியைப் பாக்கிறதெண்டால் முதுகு வளைஞ்சு போகும், கட்டில மட்டும் நிண்டு பாக்கிற ஆள் எண்டால் நேரானதை எடுங்கோ. சரிஞ்சதில குருவியைப் பிடிக்கிறதும் கஷ்டம், நீங்கள் பாக்கிற திசை வேற குழாய் பாக்கிற திசை வேற. அதுக்கு ஒரு கேபிள் டையை முன் குழாயில இறுக்கிக் கட்டி, மிச்ச வாலை ஒரு விரல்கடை அளவுக்கு நிமித்தி விட்டு வெட்டுங்கோ, துவக்கின்ர முன்குறி மாதிரி. அதால குறி பாத்துத் திருப்பினால் குருவி உள்ளுக்க நிக்கும். அஞ்சு ரூவாய் வேலை.

கண்ணாடி எப்பிடி? நடு நல்ல கூர், ஓரம் மங்கல். நிறம் பிரியாமல் காட்டுற, விலை கூடின ஈடி கிளாஸ் இல்லை, அதால வெள்ளைக் கொக்கு கறுப்புப் பின்னணியில நிண்டால் ஓரத்தில ஊதாக் கோடு ஓடும், மடங்கு கூடக் கூட அது தடிக்கும். பேக்-4 ப்ரிஸம் (உள்ளுக்க படத்தை நிமித்துற நல்ல ரகக் கண்ணாடி), ஃபுல்லி மல்டி கோட்டட் (வெளிச்சம் தெறிக்காமல் எல்லாக் கண்ணாடியிலயும் பல பூச்சு) எண்டு ரெண்டும் எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, வெறும் கோட்டட் எண்டால் விடுங்கோ. இருந்தாலும் இதால தான் வங்காலையில கருவால் மூக்கனையும் பட்டைவால் மூக்கனையும் முதல் தரம் பிரிச்சுப் பாத்தன், ஒண்டின்ர சொண்டு நேர், மற்றதின்ர சொண்டு நுனி கொஞ்சம் மேல வளைவு, 8×42 பைனாகுலரில ரெண்டும் எனக்கு ஒண்டு தான். நாமத்தலைத் தாராவும் ஊசிவால் தாராவும் ஆயிரக்கணக்கில அங்க இறங்குது, 2010இல ராம்சார் தளம் (உலகளவில முக்கியமான ஈரநிலம்) ஆக்கினதெண்டால் சும்மாவா. சுண்டிக்குளத்தில பூநாரை நிண்ட அண்டைக்கு 25 மடங்கில வச்சுப் போட்டு ரெண்டு மணித்தியாலம் கையே வைக்கேல்லை.

பழுதுகள். நைதரசன் அடைச்சது, தண்ணி போகாது எண்டு பெட்டியில போட்டிருந்தது, மழையில ரெண்டு தரம் நனைஞ்சும் உள்ளுக்க புகார் கட்டேல்லை, அது உண்மை. புழுதிக்குத் தான் தோத்தது. கிறவல் ரோட்டில கொண்டு திரிஞ்சு ரெண்டாம் வருசம் சூம் வளையம் கறகறக்கத் தொடங்கினது, இப்பவும் அப்பிடித் தான். ஒருக்கா அவசரத்தில சாரத் தலைப்பால கண்ணாடியைத் துடைச்சு மெல்லிசா ஒரு கீறல் விழுத்தினது என்ர மடைத்தனம், முதல் ஊதி, பிறகு பிரஷ், கடைசியா மட்டும் துணி. மாரியில வீட்டில வைக்கிறது மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் வாளிக்க, சிலிக்கா ஜெல் பையளோட. தோல் உறைக்குள்ள வச்ச என்ர பழைய பைனாகுலர் பூஞ்சணம் பிடிச்சுச் செத்தது, அந்தப் பாடம் இதுக்கு உதவினது.

ஃபோன் பிடிக்கிற கிளிப் ஒண்டும் கூட வந்தது. மூண்டு கமரா இருக்கிற ஃபோன் எண்டால் அது தானா லென்ஸ் மாத்தி வட்டம் வட்டமா இருட்டுக் காட்டும், மெயின் கமராவில நிப்பாட்டிப் போட்டு எடுங்கோ. படம் அடையாளம் காணக் காணும், சுவரில மாட்டக் காணாது.

60 மடங்கு ஒரே ஒரு இடத்தில பிரியோசனப்பட்டது, இரவில. முத்தத்தில கரண்ட் போன நேரம் சனிக்கோளைப் பிடிச்சன், வளையம் தெரியுது! குட்டியாத் தான், ஆனால் தெரியுது. வியாழன்ர நாலு சந்திரனும் 20லயே வரிசையா நிக்கும். ஒழுங்கை முழுக்க வந்து வரிசையில நிண்டு பாத்தது, முதல் வந்த ஐயா கூட.

இண்டைக்கு இதே காசைக் கையில தந்தால், முதல் 8×42 பைனாகுலர் ஒண்டு, பேந்து பாரமான ட்ரைபொட், மிஞ்சினதில 20-60×80, அந்த ஒழுங்கில தான் வாங்குவன். 100×, 150× எண்டு போட்டு வாறதுகளைத் திரும்பியும் பாக்கமாட்டன். கண் வைக்கிற ரப்பர் போன மாசம் கழண்டு போச்சு, சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறன், மச்சான் வரேக்க கொண்டு வாறனெண்டு சொன்னவர்.