ஆசிட்டா, பிளீச்சிங் பவுடரா, எலுமிச்சை உப்பா: போர் தண்ணீர் வீட்டுக் கக்கூஸுக்கு எது சரி?

பெங்களூர் அல்சூரில் என் அத்தை வீட்டு டாய்லெட் 18 வருடம் பழசு. பீங்கான் இன்னும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஹொரமாவில் எங்கள் வீட்டுக்கு வயது நான்குதான், ஆனால் பத்து நாள் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு பழுப்பு வளையம் வந்துவிடும், கூடவே பின்பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இரண்டு வீட்டிலும் ஒரே நீலப் பாட்டில், ஒரே மாதிரி பிரஷ், தேய்க்கிற ஆட்களிலும் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. அங்கே காவிரி. இங்கே போர்வெல், அது இறங்கிப்போனால் டேங்கர். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்து, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் வர ஆரம்பித்தது, ஆனால் எங்கள் கட்டிடத்தில் ஃபிளஷ் டேங்குக்குப் போவது இன்னும் போர் தண்ணீர்தான்.

குடிக்கிற தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பார்த்தபோது அந்த 600-ஐயும் தாண்டியிருந்தது. அதாவது நாம் கழுவுவதாக நினைத்து ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் கொஞ்சம் சுண்ணாம்பையும் சேர்த்தே ஊற்றுகிறோம். அந்தச் சுண்ணாம்பு பீங்கானில் சொரசொரப்பாகப் படிகிறது, அந்தச் சொரசொரப்பில் மூத்திர உப்பும் இரும்புச் சத்தும் அழுக்கும் போய் ஒட்டிக்கொள்கின்றன. இங்கே சண்டை முதலில் கல்லோடு, கிருமியெல்லாம் அப்புறம்தான். இது புரியாமல்தான் நானே இரண்டு வருடம் தவறான பாட்டில்களுக்குக் காசு கொடுத்தேன்.

முதலில் பிளீச்சிங் பவுடர், ஏனென்றால் நம் வீடுகளில் அதன் மேல் இருக்கிற நம்பிக்கை அவ்வளவு பெரியது. அம்மா காலத்திலிருந்து பழக்கம். தூவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவினால் பளிச்சென்று தெரியும், குளோரின் வாசனையும் வரும், மனசுக்குச் சுத்தமாகிவிட்டது போல இருக்கும். கிருமியைக் கொல்வதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லைக் கரைக்காது. கறையின் நிறத்தை மட்டும் வெளுக்கிறது, கல் அப்படியே வெள்ளையாக அங்கே நிற்கிறது, ஒரே வாரத்தில் மறுபடி பழுப்பாகிறது. இன்னொன்று, பிளீச்சிங் பவுடரே சுண்ணாம்பிலிருந்து செய்வதுதான், தண்ணீரில் கரையாத அதன் மண்டி அடியில் தங்குகிறது. போர் தண்ணீரில் இரும்பு அதிகமென்றால் நிலைமை இன்னும் மோசம், பிளீச் பட்டதும் இரும்பு துருவாகி ஆரஞ்சுக் கறை அழுத்தமாகிவிடும். பாட்டிலில் வரும் திரவ பிளீச்சுக்கும் இதே கதைதான், கூடவே அது வெயிலிலும் சூட்டிலும் நாளாக நாளாகச் சக்தி இழக்கும், ஆறு மாதம் பால்கனியில் கிடந்த பாட்டிலை நம்ப வேண்டாம்.

ஆசிட் இதற்கு நேர் எதிர். ஹார்பிக் போன்ற நீலத் திரவங்களில் வேலை செய்வது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுமார் 10 சதவீதம். சுண்ணாம்பில் பட்டதும் பொரிந்து நுரைக்கும், அந்தக் குமிழிதான் கல் கரைவதற்கு அடையாளம். துருவையும் கரைக்கும். கெட்டியாக இருப்பதால் சுவரில் வழுக்கி ஓடாமல் கொஞ்ச நேரம் பிடித்து நிற்கும். இதனால் கறை போகவில்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு ஒன்றே: கோப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும்போது அதன் மேலேயே ஊற்றுகிறார்கள். பழுப்பு வளையம் இருப்பதோ அந்தத் தண்ணீர் மட்டத்தில், அங்கே போய்ச் சேரும்போது அது ஆசிட்டே இல்லை, நீலத் தண்ணீர். அதனால் முதலில் பிரஷ்ஷை ஓட்டைக்குள் விட்டு எட்டு பத்து தடவை குத்தித் தள்ளுங்கள், தண்ணீர் அந்தப் பக்கம் போய் மட்டம் இறங்கும். இப்போது வளையம் வெளியே தெரியும், அதன் மேல் நேராக விடுங்கள், 20 நிமிடம் தொடாதீர்கள். செங்குத்தான இடத்தில் நிற்கவில்லையா, பழைய துணிக் கீற்றை அதில் நனைத்துக் கையுறையோடு கறை மேல் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பின்சுவர்க் கோடு அப்படித்தான் போனது.

தெருவில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கிற 'பாத்ரூம் ஆசிட்' வேறு விஷயம், அதை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. எவ்வளவு அடர்த்தி என்று யாருக்கும் தெரியாது, புகை கிளம்பும், குழாயின் குரோம் பூச்சைப் புள்ளி புள்ளியாகத் தின்னும், டைல்ஸ் இடுக்கில் இருக்கிற வெள்ளை சிமெண்டைக் கரைத்து ஓட்டையாக்கும், மார்பிள் தரையென்றால் ஒரு சொட்டுக்கு ஒரு தழும்பு. ஆசிட் வீச்சு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கடைக்காரர் அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் ஆசிட் விற்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் இல்லாத பாட்டிலில் அதை விற்பவர் அந்த உத்தரவையும் மதிக்கவில்லை, நம் கண்ணையும் மதிக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, ஒன்றுக்குப் பின் ஒன்றாகவும் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பிடிக்கும். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா இன்னொரு வீட்டில் நீலத் திரவம் ஊற்றிய கோப்பையில், இன்னும் நல்லா போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறார், ஜன்னல் இல்லாத பாத்ரூம், கதவு சாத்தியிருக்கிறது. கண்ணெரிந்து, மூச்சு வாங்க வெளியே ஓடிவந்தவருக்கு இருமல் நிற்கவே நான்கு நாள் ஆனது. இரண்டு பாட்டிலையும் வாங்கி வைத்த வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்புறம், மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் பிளீச் கெட்ட வாயு விடும், அதனால் ஃபிளஷ் செய்யாமல் பிளீச் போடவே வேண்டாம்.

இப்போது எலுமிச்சை உப்பு. சிட்ரிக் ஆசிட்தான். இங்கே மளிகைக் கடையில் நிம்பே உப்பு என்று கேட்டால் சின்னப் பாக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள். 100 கிராமை அரை லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்), அதே மாதிரி மட்டத்தை இறக்கிவிட்டு, ராத்திரி படுக்கும் முன் ஊற்றிவிட்டு, காலையில் தேய்க்க வேண்டும். நீலத் திரவத்தின் வேகம் இதற்கு இல்லை, 20 நிமிடத்து வேலைக்கு ஒரு இரவு கேட்கும். ஆனால் புகை இல்லை, நெடி இல்லை, குரோமில் தெறித்தால் துடைத்துவிடலாம், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எனக்கு இதுதான் நிம்மதி. இதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. என் கணக்கில் வாராவாரம் செய்கிறவருக்கு எலுமிச்சை உப்பு ஜெயிக்கிறது, மாதக்கணக்கில் விட்டு வைத்த கல்லுக்கு நீலத் திரவம் ஜெயிக்கிறது, இரண்டுக்கும் நடுவே சண்டையே இல்லை.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து பொங்கவைக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று, அது எதையும் கரைக்காது. வினிகரைத் தனியாக ஊற்றினாலாவது கொஞ்சம் பலன் உண்டு. பினாயில் தரைக்கு, கோப்பைக்கு அது வாசனை மட்டும்.

பெங்களூரில் பலர் வீட்டிலேயே செய்கிற பயோ என்சைமை மட்டும் அப்படித் தள்ளிவிட மாட்டேன். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு சாத்துக்குடி ஆரஞ்சு எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மாதம், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும், இல்லையென்றால் டப்பா வெடிக்கும். கிடைப்பது மெல்லிய புளிப்பு. பழைய கல்லை அது அசைக்காது, புதுசாகப் படியவிடாமல் பார்த்துக்கொள்ளும். எங்களைப் போல வளாகத்துக்குள்ளேயே கழிவுநீர் சுத்திகரிப்பு இருக்கிற அபார்ட்மெண்டுகளில் இதற்கு ஒரு பெரிய நியாயம் உண்டு: அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்வது உயிருள்ள பாக்டீரியா, எல்லா வீட்டிலிருந்தும் பிளீச்சும் பினாயிலும் போனால் அது சாகும், அப்புறம் வளாகமே நாறும்.

எதை ஊற்றினாலும் இரண்டு இடம் தப்பிவிடுகிறது. விளிம்புக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுகிற ஓட்டைகளைச் சின்னக் கண்ணாடி வைத்து மொபைல் டார்ச்சில் பார்த்தேன், பாதி அடைந்திருந்தன. ஒரு வளைந்த கம்பியால் குத்தினால் மணல் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது, அதன் பிறகுதான் ஃபிளஷ்ஷுக்கு வேகமே வந்தது. இன்னொன்று பின்சுவர்க் கோடு. அது ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் குற்றம் கிளீனரில் இல்லை, ஃபிளஷ் டேங்க் வாஷர் கசிகிறது. டேங்கில் பத்துச் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள், கோப்பையில் நீலம் இறங்கினால் வாஷரை மாற்ற வேண்டியதுதான். டேங்குக்குள் போடுகிற பிளீச் மாத்திரைகள் இந்த ரப்பரைத்தான் சீக்கிரம் கெடுக்கும், அதனால் நான் அவற்றை வாங்குவதில்லை.

நாற்றம் மட்டும் போகவில்லை என்றால் கோப்பைக்குள் தேடாதீர்கள். சீட்டின் கீல், கோப்பை தரையோடு சேருகிற இடம், டைல்ஸ் இடுக்கு, இங்கேதான் மூத்திரம் காய்ந்து கிடக்கும். பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்த வெந்நீரும் பழைய பல்துலக்கியும் போதும், பிளாஸ்டிக் சீட்டில் ஆசிட்டும் பிளீச்சும் வேண்டாம், மஞ்சளடிக்கும். கம்பி நாரைக் கோப்பைக்குள் ஒருபோதும் விடாதீர்கள், ஆசிட் தொடாத பீங்கான் பளபளப்பை அது கீறிவிடும், அந்தக் கீறலில் அடுத்த கறை இரண்டு மடங்கு வேகத்தில் பிடிக்கும். தேய்த்து முடித்ததும் பிரஷ்ஷை ஈரத்தோடு டப்பாவில் போடாமல், சீட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே கைப்பிடியைச் சொருகிப் பத்து நிமிடம் சொட்டவிடுங்கள். எங்கள் பழைய பிரஷ் டப்பாவின் அடியில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது.