டோர் பேட் விரிசலுக்கு எபாக்ஸியா, ஃபைபரா?

கடைகளில் ‘ஃபைபர் வேலை’ என்றால் பாலியெஸ்டர் ரெசினும் (கலந்தால் இறுகும் பிசின்) நறுக்கிய கண்ணாடி இழையாலான ‘மேட்’ விரிப்பும்தான். எபாக்ஸி முறையிலும் கண்ணாடி இழைத் துணி உண்டு, ரெசின்தான் வேறு. டோர் பேட், அதாவது கார் கதவின் உட்புறப் பிளாஸ்டிக் பேனலில் விரிசல், முறிந்த கிளிப் தாங்கி, பிய்ந்த திருகுத் துளை, இவற்றுக்கெல்லாம் எபாக்ஸியே என் தேர்வு. ஸ்பீக்கருக்காகப் புதிதாக மேடு எழுப்புவதற்கு மட்டும் பாலியெஸ்டர்.

விலையில் பாலியெஸ்டர் மலிவு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 15 × 30 செ.மீ. ஒட்டுக்கு 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணி இரண்டு அடுக்கு போட்டால் 18 கிராம் துணியும் ஏறக்குறைய அதே எடை ரெசினும்தான் போகும். 40 கிராம் கலந்தால் மிஞ்சும். இவ்வளவு சிறிய அளவில் விலை வித்தியாசம் பெரிதல்ல. அதே இடத்தில் 450 ஜிஎஸ்எம் மேட் இரண்டு அடுக்கு போட்டால் 100 கிராம் ரெசின் குடிக்கும், கனமும் 2 மி.மீ. ஏறிவிடும். பிறகு பேனல் கதவுத் தகட்டில் அமராது, கிளிப் பாதியில் நிற்கும்.

முடிவைத் தீர்மானிப்பது வெயில். மூடி நிறுத்திய காரில் கண்ணாடியை ஒட்டிய பாகங்கள் 70 டிகிரியைத் தொடும். 30 செ.மீ. நீள ஏபிஎஸ் பிளாஸ்டிக் பேனல் 30-லிருந்து 70 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். அதன் பின்னால் ஒட்டிய கண்ணாடி இழைப் பட்டை அதில் மூன்றில் ஒரு பங்குகூட நீளாது. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் முதலில் தோற்பது ஒட்டின் விளிம்பு. பாலியெஸ்டர் ரெசின் சூட்டைத் தாங்குவதில் மட்டமில்லை. ஆனால் இறுகும்போதே அது 5 முதல் 8 சதவீதம் சுருங்கும், பேனலை உள்பக்கமாக இழுத்து முன்புறத்தில் பள்ளம் காட்டும். அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் 2.5 மி.மீ. ஏபிஎஸ் தகட்டை இளக்கவும் செய்யும். சுருக்கத்தால் ஏற்கெனவே விறைத்து நிற்கும் ஒட்டின் மேல் வெயிலின் இழுப்பும் சேர்வதால் விளிம்பு உரிகிறது. எபாக்ஸியின் சுருக்கம் மிகக் குறைவு.

எபாக்ஸிக்கும் வெயிலில் ஒரு பலவீனம் உண்டு. அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஐந்து நிமிட ரகம் இன்னும் மோசம், கார் உள்ளறைக்கு அது வேண்டவே வேண்டாம். மெதுவாக இறுகும் ரகத்தை வாங்கி, 24 மணி நேரம் விட்டு, பேனலை அதன் வடிவத்திலேயே கவ்வி வைத்து, கறுப்புத் துணி போர்த்தி 60 டிகிரி சூட்டில் நான்கைந்து மணி நேரம் வைக்க வேண்டும். இந்தச் சூடேற்றலை விட்டுவிட்டு எபாக்ஸியைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

வேலைக்கு முன் பேனலின் பின்புறத்தில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் என்றோ பிசி-ஏபிஎஸ் என்றோ இருந்தால் கவலையில்லை. பிபி, அதாவது பாலிப்ரோபிலீன் என்றால் இரண்டு ரெசினுமே நேரடியாகப் பிடிக்காது. துண்டைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது நம்பத்தக்கதல்ல. 20 சதவீதம் டால்க் கலந்த பிபி, ஏபிஎஸ் போலவே மூழ்கும்.

டேஷ்போர்டு பாலிஷில் சிலிக்கான் இருக்கும். அதைக் கழுவாமல் தேய்த்தால் கீறலுக்குள் இறங்கிவிடும், பிறகு எதுவும் ஒட்டாது. சோப்புத் தண்ணீர், அடுத்து ஐசோப்ரோபைல் ஆல்கஹால், அதன் பிறகே உப்புத்தாள். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும், தொடாதீர்கள். விரிசலின் முனையில் 2 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. முன்புறம் டேப் ஒட்டி, பின்புறத்தில் விரிசலை ‘வி’ வடிவில் அகழ்ந்து, இருபுறமும் 4 செ.மீ. வரை 80-ஆம் எண் தாளால் சொரசொரப்பாக்குங்கள். 10:1 எடை விகித ரகத்தில் 40 கிராம் ரெசினுக்கு 4 கிராம் ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்). அரை கிராம் பிசகினாலே எட்டில் ஒரு பங்கு பிழை, அதனால் 0.1 கிராம் காட்டும் தராசு அவசியம். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் பாலியெஸ்டரிலிருந்து வந்தது. எபாக்ஸியில் மிஞ்சிய ஹார்ட்னர் உள்ளேயே தங்கி ஒட்டை இளக்கமாக்கும். நறுக்கிய இழை ‘மேட்’ விரிப்பையும் எபாக்ஸியோடு போடாதீர்கள். அதன் இழைகளைக் கட்டிவைக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது, எபாக்ஸியில் விறைத்தே நிற்கும். நெய்த துணிதான் வேண்டும். நீள விரிசலுக்கு ஒரே பட்டை வேண்டாம். 8 செ.மீ. துண்டுகளாகச் சிறு இடைவெளி விட்டு ஒட்டினால் வெயிலில் இழுபறி பிரிந்துபோகும். ஈரப்பதமான நாளில் இறுகிய எபாக்ஸியின் மேல் பிசுபிசுப்பான படலம் வரும். தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் பட்டி வைத்தால் பட்டி உரிந்து வரும்.

ஸ்பீக்கர் மேட்டுக்குக் கதை மாறுகிறது. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) வளையத்தின் மேல் ஃப்லீஸ் துணியை இழுத்துக் கட்டி பாலியெஸ்டரில் நனைத்தால் ஒரு மணி நேரத்தில் கெட்டியான ஓடாகிவிடும். உள்பக்கம் மேட் இரண்டு மூன்று அடுக்கு போதும், இங்கே கனம் தடையில்லை. கேட்டலிஸ்ட் (பாலியெஸ்டரை இறுகவைக்கும் திரவம்) 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம், நம் உச்சி வெயிலில் 1 கிராமே போதும். இறுகலை முடுக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும், ஆகவே கோபால்ட் சேர்த்தே வரும் ரெசினை வாங்குங்கள். ஸ்டைரீனுக்கு ஆவி தடுக்கும் முகமூடி வேண்டும், தூசு முகமூடி உதவாது. ஓடு முடிந்ததும் அதைப் பேனலில் ரெசினால் மட்டும் ஒட்டாமல் திருகால் பூட்டுங்கள், துளையை நீளவாக்கில் 1 மி.மீ. கூடுதலாக விட்டால் வெயில் விரிவுக்கு இடம் கிடைக்கும்.

பிபி பேனலுக்கு அட்ஹீஷன் புரமோட்டர் (பிடிப்பைக் கூட்டும் பூச்சு) அடித்து எபாக்ஸி வைக்கலாம், ஆனால் சில கோடைகளைத் தாண்டி நிற்கும் என்று உறுதி சொல்லத் தயங்குகிறேன். அதே பிபி கம்பியால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்வது மேல்.

ஏர்பேக் மூடியிலும், பக்கத் திரை ஏர்பேக் மறைந்திருக்கும் முன்தூண் உறையிலும் இரண்டு முறையும் கூடாது. ஏர்பேக் விரியும்போது அந்தப் பிளாஸ்டிக் குறித்த இடத்தில் கிழிந்தோ விலகியோ வழிவிட வேண்டும். பின்னால் கண்ணாடி இழை போட்டு இறுக்கினால் ஏர்பேக் திசைமாறும், ஒட்டிய துண்டு முகத்தை நோக்கிப் பறக்கும். அங்கே விரிசல் விழுந்தால் புது உறைதான்.