குளோன் சாகா தொகுப்பு: பென் ரைலிக்காக வாங்கலாம், மொத்தமாக வாங்க வேண்டாம்

அமெரிக்க காமிக்ஸ் கம்பெனி மார்வெல் 1994-லிருந்து 1996 வரை ஸ்பைடர்மேன் இதழ்கள் எல்லாவற்றிலும் இழு இழு என்று இழுத்த 'குளோன் சாகா'வை 2010-ல் தொடங்கி தடித்தடி பேப்பர்பேக்குகளாகத் தொகுத்துப் போட்டார்கள். 'கம்ப்ளீட் குளோன் சாகா எபிக்' என்று ஐந்து புத்தகம், அது முடிந்த இடத்திலிருந்து 'கம்ப்ளீட் பென் ரைலி எபிக்' என்று ஆறு. பெரம்பூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சிலது ஆன்லைனில் வாங்கினேன், சிலது அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிளறி எடுத்தது, மிச்சம் வியாசர்பாடி நண்பர் ஒருவரிடம் இரவல். யாராவது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிவு வரைக்கும் சொல்லித்தான் எழுதப் போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கதை. 1973-ல் ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் காதலி குவென் ஸ்டேசி செத்துப்போகிறாள். அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் மைல்ஸ் வாரனுக்கு அவள் மேல் ஒரு கிறுக்கு. புத்தி பிசகி, ஜாக்கல் என்று வேஷம் போட்டுக்கொண்டு, தன் மாணவர்களின் செல்களை வைத்து குவெனையும் பீட்டரையும் குளோன் செய்கிறார், அதாவது அப்படியே உயிருள்ள நகல் எடுக்கிறார். 1975-ல் ஜெர்ரி கான்வே எழுதி ராஸ் ஆண்ட்ரு வரைந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 149-வது இதழில் இரண்டு ஸ்பைடர்மேன்கள் ஷே ஸ்டேடியத்தில் மோதுகிறார்கள், குண்டு வெடிக்கிறது, ஒருவன் விழுகிறான். மிஞ்சியவன் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு புகைபோக்கிக்குள் போட்டுவிடுகிறான். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் அந்த மாதிரி உயரமான புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த இடம் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். உள்ளே போனது என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, அந்தப் புகைபோக்கிக்குள் போனவன் சாகவே இல்லை என்று திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஐந்து வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, பீட்டரை வளர்த்த மே அத்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு நியூயார்க் திரும்புகிறான். தனக்கென்று பெயர்கூட இல்லாததால், அவள் புருஷன் பென் மாமாவிடமிருந்து 'பென்', அத்தையின் பிறந்த வீட்டுப் பெயரிலிருந்து 'ரைலி' என்று எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்ட பெயர்தான் பென் ரைலி. இந்தத் தொகுப்பின் உயிரே அவன்தான். நான் இவ்வளவு செலவு செய்ததும் அவனுக்காகத்தான்.

பென்னுடைய கஷ்டம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு பீட்டரின் ஞாபகம் முழுசாக இருக்கிறது. பென் மாமா செத்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது, அதற்குத் தான்தான் காரணம் என்ற குற்ற உணர்வும் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் தனக்கு நடக்கவே இல்லை, யாரோ ஒருவனுக்கு நடந்தது என்றும் அவனுக்குத் தெரியும். துக்கம் நிஜம், துக்கப்பட உரிமை மட்டும் இல்லை. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 400-வது இதழில் மே அத்தை சாகிறாள் (பின்னாடி வந்தவர்கள் அது ஒரு நடிகை என்று சொல்லி அதையும் கெடுத்தார்கள், அதை விடுங்கள்). கட்டில் பக்கத்தில் பீட்டர் இருக்கிறான். அதே அத்தை கையால் சாப்பிட்ட ஞாபகம் உள்ள இன்னொருவன் வெளியே, யாரும் பார்க்காத இடத்தில், தனியாக அழுகிறான். உள்ளே வரவும் முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. ஜே. எம். டிமாட்டிஸ் எழுதி மார்க் பேக்லி வரைந்த இதழ் அது. சாவு வீட்டுக்குப் போய் உள்ளே நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

நம் சினிமாவில் டபுள் ஆக்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு வகையில் தெரிந்த கதைதான். உருவம் ஒன்று, ஆள் இரண்டு. ஆனால் நம் படத்தில் கடைசி ரீலில் அம்மா வந்து இரண்டு பேரையும் கட்டிக்கொள்வாள், இரண்டு பேருமே அவள் வயிற்றுப் பிள்ளைகள். பென்னுக்கு அந்த அம்மா கிடையாது. அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள பீட்டரும் அவனும் மெதுமெதுவாகப் பழகுகிறார்கள். அந்தப் பகுதிகள் இந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவை. சண்டைக் காட்சிகளைத் தாண்டிவிட்டு அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசும் பக்கங்களுக்கு மறுபடி மறுபடி போயிருக்கிறேன்.

அவன் உடுப்பையும் சொல்ல வேண்டும். ஸ்கார்லெட் ஸ்பைடர் என்று பத்திரிகைக்காரன் வைத்த பெயர், பென்னுக்கே பிடிக்காது. மேலிருந்து கீழ் வரை ஒரே சிவப்பு, அதற்கு மேல் கை வெட்டிய நீல ஹூடி, மார்பில் கோணலாகப் பெரிய சிலந்தி. வலை சுடும் கருவி மணிக்கட்டுக்கு வெளியே தெரிகிறது, கணுக்காலில் சின்னச் சின்னப் பைகள். காசில்லாதவன் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பிய தோற்றம். பீட்டரின் உடுப்பு எவ்வளவு நேர்த்தியோ இது அவ்வளவு அவசரம், அதனாலேயே இது அவனுடையதாக இருக்கிறது. வியாசர்பாடியில் கேரம் கிளப்புக்கு வரும் பையன்களிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன், இங்கிலீஷ் முழுசாகப் படிக்க வராதவன்கூட அந்த ஹூடியைப் பார்த்துவிட்டு யார் இவன் என்று கேட்டான்.

அதே கிளப்பில்தான் இந்தத் தொடரின் பெரிய கோளாறும் வெளியே வந்தது. 1995-ல் வந்த ஒரு இதழில், ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் 226, பரிசோதனை செய்து பார்க்கிறார்கள், பென்தான் நிஜம், பீட்டர்தான் குளோன் என்று முடிவு வருகிறது. புகைபோக்கிக்குள் போட்டவன் நகல், போடப்பட்டவன் அசல். இதைக் கதையாகச் சொன்னதும் ஒரு பையன் சட்டென்று, "அப்ப இத்தினி வருஷமா நாம பாத்தது டூப்ளிகேட்டாண்ணா?" என்றான். அமெரிக்காவில் அன்றைக்கு வாசகர்கள் கொதித்ததும் இதே கேள்வியை வைத்துத்தான். 1975-லிருந்து பீட்டர் பட்ட அடி, மேரி ஜேனோடு நடந்த கல்யாணம், எல்லாம் ஒரு நகலுக்கு நடந்தது என்றால் படித்தவன் எங்கே போவான்? அதே இதழில் பீட்டர் ஆத்திரத்தில் கர்ப்பமாக இருக்கும் மேரி ஜேனை அடித்துத் தள்ளுகிறான். அந்தப் பக்கத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

என் கட்சி இதுதான்: குளோன் கதை எப்போது நன்றாக இருக்கிறது என்றால், அவனுக்கென்று ஒரு வாழ்க்கை கொடுக்கும்போது. யார் அசல் என்று சுவிட்ச் போட்டு அணைத்து விளையாடும்போதெல்லாம் கதை செத்துவிடுகிறது. இந்தத் தொகுப்பில் இரண்டுமே இருக்கிறது, இரண்டாவது ரொம்ப அதிகம். முதலில் கொஞ்ச மாதத்தில் முடிக்க நினைத்த கதை, விற்பனை நன்றாகப் போகிறது என்றதும் நீட்டினார்கள். மாதம் நான்கு இதழ்களில் மாறி மாறித் தொடர்ந்தது. ஜூடாஸ் டிராவலர் என்று ஒருவர் வருகிறார், அவருக்கு என்ன சக்தி, என்ன வேண்டும் என்று எழுதியவர்களுக்கே தெரிந்த மாதிரி இல்லை. புகைபோக்கிக்குள் ஒரு எலும்புக்கூடு கிடைக்கிறது, அது யாருடையது என்று பல மாதம் சுற்றவிட்டார்கள். 'மேக்சிமம் குளோனேஜ்' என்ற பகுதியில் ஸ்பைடர்மேன் குளோன்கள் ஒரு பட்டாளமாகவே வந்து இறங்குகிறார்கள். அங்கே ஒரு முகத்துக்கும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது.

கெய்ன் மட்டும் விதிவிலக்கு. ஜாக்கல் முதலில் செய்து, தோற்றுப்போய்த் தூக்கி எறிந்த குளோன். உடல் சிதைந்துகொண்டே வருகிறது, முகமெல்லாம் தழும்பு, பென் மேல் தீராத வெறுப்பு. அவன் செய்த கொலைக்கு பீட்டரைக் கைது செய்கிறார்கள், கைரேகை ஒன்றுதானே. பென்னும் கெய்னும் சால்ட் லேக் சிட்டியில் இருந்த காலத்தைச் சொல்லும் 'தி லாஸ்ட் இயர்ஸ்' என்ற மூன்று இதழ்க் கதையை டிமாட்டிஸ் எழுத, ஜான் ரொமிட்டா ஜூனியர் வரைந்திருக்கிறார். ஜனீன் என்ற பெண்ணை பென் காதலிக்கிறான், கொஞ்ச நாளாவது யாருடைய நகலாகவும் இல்லாமல் வாழ்ந்து பார்க்கிறான். மொத்தத் தொடரில் இதைவிட நல்லதாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

1995 கடைசியில் பீட்டர் உடுப்பைக் கழற்றிவிட்டு மேரி ஜேனோடு ஊரைவிட்டுப் போக, 1996 தொடக்கத்தில் பென் தலைமுடியைப் பொன்னிறமாக்கிக்கொண்டு, ஒரு காபிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்பைடர்மேனாக ஆகிறான். ஆறு புத்தகமும் இந்தக் காலம்தான். வேலை, வாடகை, புது நண்பர்கள் என்று நன்றாகவே போகிறது. ஆனால் எழுதுகிறவர்கள் அவனை நம்பவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்த வருஷக் கடைசியில் 'பீட்டர் பார்க்கர்: ஸ்பைடர்மேன்' என்ற இன்னொரு தொடரின் 75-வது இதழில், செத்துப்போனதாக நினைத்த பழைய வில்லன் நார்மன் ஆஸ்போர்ன் (கிரீன் காப்ளின்) திரும்பி வருகிறார், எல்லாவற்றுக்கும் பின்னால் தான் இருந்ததாகச் சொல்கிறார். பீட்டரைக் கொல்ல அவர் ஏவிய பறக்கும் கிளைடருக்குக் குறுக்கே பாய்ந்து பென் சாகிறான். செத்ததும் உடல் பொடிப்பொடியாக உதிர்கிறது, ஆக இவன்தான் குளோன், தீர்ந்தது கணக்கு. அவன் அசலா நகலா என்பதை அவன் பிணத்தை வைத்தே நிரூபித்தார்கள். ஒருவன் தம்பிக்காக உயிரைக் கொடுத்த பக்கத்தில் போய் ஆதாரம் காட்டுவதா? எனக்கு அந்த இடத்தில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இதே சரக்கை மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் குளோன் சாகாவின் நிறையும் குறையும் இன்னும் தெளிவாகத் தெரியும். சூப்பர்மேன் செத்தபின் 1993-ல் வந்த குளோன் சூப்பர்பாய்க்குப் பழைய ஞாபகச் சுமை எதுவும் இல்லை. தோல் ஜாக்கெட், கண்ணாடி, வாய்த்துடுக்கு, தன்னை சூப்பர்பாய் என்று கூப்பிடாதே என்று சண்டை. ஜாலியாகப் படிக்கலாம். எக்ஸ்-மென்னில் மேடலின் பிரையர் கதி மோசம். செத்துப்போனதாக நினைத்த தன் காதலி ஜீன் கிரே மாதிரியே இருந்த அவளை ஸ்காட் (சைக்ளாப்ஸ்) கட்டிக்கொண்டான், ஜீன் திரும்பி வந்ததும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போனான். அப்புறம் அவள் ஜீனின் குளோன்தான் என்று சொல்லி, வில்லியாக்கி, சாகடித்தார்கள். புருஷன் செய்த தப்பு அந்த ஒரு வார்த்தையில் கழுவிப் போய்விட்டது. வோல்வரினின் குளோனாகப் பிறந்த லாராதான் எனக்குத் தெரிந்து நியாயம் கிடைத்த ஒரே ஆள். ஆயுதமாக வளர்க்கப்பட்டவள், 2015-ல் டாம் டெய்லர் எழுத வந்தபோது வோல்வரின் என்ற பெயரையே சுமக்கிறாள். அவளையே குளோன் செய்து உருவாக்கிய சின்னப்பெண் கேபியை யார் அசல் என்றெல்லாம் கேட்காமல் தங்கையாக ஏற்றுக்கொள்கிறாள். பென்னுக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் போதும்.

சரி, புத்தகமாக எப்படி? அச்சு சுத்தம், நிறம் பளிச். பழைய இதழ்களின் மங்கலான காகிதத்தில் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் கண்ணைக் கூசலாம். பசை பைண்டிங், அதனால் இரண்டு பக்கத்துக்கு நீளும் படங்களில் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறது. நன்றாக விரித்துப் படித்தால் முதுகு வெடிக்கும், என்னுடையதில் ஒன்று வெடித்தே விட்டது. பல இதழ்களில் ஓடிய கதையைப் படிக்கும் வரிசையில் அடுக்கிக் கொடுத்திருப்பதுதான் பெரிய உபகாரம், தனித்தனி இதழாகத் தேடினால் பைத்தியம் பிடிக்கும். ஆன்லைனில் வாங்கிய ஒன்று மூலை நசுங்கி, அட்டை மடங்கி வந்தது. மாற்றிக் கேட்டதற்கு விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. அதனால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். இன்னொன்று, வழவழக் காகிதம் நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு ஒன்றோடொன்று ஒட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தெருவில் இருப்பவர்கள் கீழ்த் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள், பரண்தான் சரி, அவ்வப்போது எடுத்துப் புரட்டிவிட வேண்டும்.

பதினொன்றும் வேண்டாம். 'தி லாஸ்ட் இயர்ஸ்' இருக்கும் புத்தகம், 400-வது இதழ் இருக்கும் புத்தகம், பென் ரைலி எபிக்கின் கடைசிப் புத்தகம், இவை மூன்று போதும். எது எதில் என்ன இதழ் என்று பின் அட்டையில் பட்டியல் இருக்கும், பார்த்து வாங்குங்கள். 'மேக்சிமம் குளோனேஜ்' உள்ளதை யார் சும்மா கொடுத்தாலும் கடைசியாகப் படியுங்கள். பெரம்பூர், கொளத்தூர், கொடுங்கையூர் பக்கம் இருப்பவர்கள் யாரிடமாவது பென் ரைலி எபிக்கின் நாலாவது இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு என்னிடம் இருக்கும் லாரா புத்தகங்களைத் தருகிறேன்.