கூரையில் தொங்குவதா, சுவரடியில் அமர்வதா: இரு வகைப் புரொஜெக்டர்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

வீட்டில் 100 அங்குலத் திரையில் படம் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அறையின் பின்பக்கச் சீலிங்கில் தலைகீழாகத் தொங்கி, பார்ப்பவர்களின் தலைக்கு மேலாக எதிர்ச்சுவருக்கு ஒளியைப் பாய்ச்சும் வழக்கமான புரொஜெக்டர் ஒன்று. திரைக்கு அடியில் ஒரு தாழ்வான மேசையில் அமர்ந்து, தன் பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் அளவே தள்ளியிருந்தபடி, வளைந்த கண்ணாடியின் துணையால் ஒளியை மேல்நோக்கி வீசும் ‘அல்ட்ரா ஷார்ட் த்ரோ’ வகை மற்றொன்று. பின்னதைச் சுருக்கமாக யுஎஸ்டி என்பார்கள். இவ்விரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணிலிருந்தே, அதாவது கருவி வெளியிடும் மொத்த ஒளியின் அளவிலிருந்தே, தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. அறையை எந்த அளவுக்கு இருட்டாக்க முடியும் என்று தெரியாத நிலையில், லூமன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

இருந்தாலும் தொலைவுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம்; இடம் போதாவிட்டால் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை. லென்ஸுக்கும் திரைக்கும் இடையே உள்ள தொலைவைத் திரையின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது த்ரோ ரேஷியோ. 16:9 வடிவிலான 100 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 221 செ.மீ., உயரம் ஏறத்தாழ 125 செ.மீ. த்ரோ ரேஷியோ 1.5 என்று குறிப்பிடப்பட்ட வழக்கமான புரொஜெக்டருக்கு இந்தத் திரையை நிரப்ப 3.3 மீட்டர் தேவைப்படும். 0.25 என்று குறிப்பிடப்பட்ட யுஎஸ்டிக்கு 55 செ.மீ. போதும். சிறிய அறை உள்ளவர்கள் இந்த ஓர் எண்ணைப் பார்த்தே யுஎஸ்டியின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதே எண்ணுக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. வழக்கமான கருவியை ஒரு சென்டிமீட்டர் முன்பின் நகர்த்தினால் படத்தின் அகலம் 7 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மாறாது. யுஎஸ்டியை அதே ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் 4 செ.மீ. மாறிவிடும். மேசையைத் துடைக்கும் துணி கருவியின் மூலையில் லேசாக இடித்தாலே போதும், படத்தின் ஒரு பக்கம் சட்டத்தைத் தாண்டிச் சுவரில் ஏறி நிற்கும். யுஎஸ்டி வைத்திருப்பவர்களில் பலர் மேசையில் கருவியின் கால்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வைத்திருப்பது இதனால்தான்.

சீலிங்கில் மாட்டுபவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. அதை நான் பட்டே அறிந்தேன். முதன்முதலாகப் புரொஜெக்டர் மாட்டியபோது, லென்ஸ் கருவியின் நடுவில் இல்லாமல் ஓரமாக அமைந்திருப்பதைக் கவனிக்காமல், பெட்டியின் நடுப்பகுதியை வைத்து அளந்து கான்கிரீட்டில் துளை போட்டுவிட்டேன். படம் திரையைவிட்டு ஒரு கையகலம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. அந்தக் கருவியில் பக்கவாட்டு லென்ஸ் ஷிஃப்ட் இல்லை. எனவே கருவியைச் சற்றுத் திருப்பி, கீஸ்டோன் திருத்தத்தால் ஒட்டுப்போட்டு ஓராண்டுக்கு மேல் காலம் தள்ளினேன்.

லென்ஸ் ஷிஃப்டும் கீஸ்டோனும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினாலும், அவை ஒன்றுக்கொன்று ஈடாகாது. லென்ஸ் ஷிஃப்டில் கண்ணாடி வில்லைகளே நகர்கின்றன. அதனால் படம் முழுமையாக, எல்லாப் பிக்சல்களோடும் வேறு இடத்துக்குப் போகிறது. கீஸ்டோனில் எதுவும் நகர்வதில்லை. சாய்ந்து விழும் படம் சரிவகமாகத் தெரியாமலிருக்க, கருவி தனக்குள் படத்தை உருவாக்கும் சிப்பிலேயே அதை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாகச் சுருக்கி வரைகிறது. சுருங்கியதால் வெறுமையாகிப்போன பிக்சல்கள் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. இருட்டறையில் படத்தைச் சுற்றி மங்கலான சாம்பல் நிற ஆப்பு வடிவங்களாக அவை தெரியும். ஒரு பிக்சல் அகலமுள்ள கோடுகளாலான சோதனைப் படத்தைத் திரையில் போட்டுக் கீஸ்டோனை ஒரு படி கூட்டிப் பாருங்கள். சீராக இருந்த கோடுகள் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் கரைந்தும் போவதைக் கண்ணாலேயே காணலாம். யுஎஸ்டிகளில் லென்ஸ் ஷிஃப்ட் அரிது. மூலைகளைத் தனித்தனியே இழுத்துச் சரிசெய்யும் வசதி அவற்றில் இருந்தாலும், அதுவும் கீஸ்டோனின் உறவுதான். ஆகவே கால்களைத் திருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கருவியைக் கையால் நேராக்குவதே சரியான வழி. இந்த விஷயத்தில், செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் லென்ஸ் ஷிஃப்ட் உள்ள வழக்கமான புரொஜெக்டருக்கு நிகர் எதுவுமில்லை என்று தயங்காமல் சொல்வேன். அவ்வசதி இல்லாத மாடலை வாங்குபவர்கள், முதலில் ஏணியின் மேலோ அலமாரியின் மேலோ கருவியை வைத்துப் படம் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு துளை போட வேண்டும்.

இனி ஒளிக்கு வருவோம். திரையரங்குகளில் வெள்ளைத் திரையின் பிரகாசத்துக்கான தரம் 14 அடி-லாம்பர்ட், அதாவது 48 நிட் (இரண்டும் திரை ஒளிரும் பிரகாசத்தை அளக்கும் அலகுகள்). 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாத சாதாரண வெள்ளைத் திரையில் 48 நிட் கிடைக்க, அதன்மேல் வந்து விழவேண்டியது சுமார் 415 லூமன் மட்டுமே. 2,000 லூமன் என்று அறிவிக்கப்பட்ட புரொஜெக்டர், நிறம் சரியாக இருக்கும் சினிமா மோடில் அதில் பாதியைத்தான் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், இருட்டறைக்கு அது தாராளம்.

வெளிச்சம் புகும் அறையில் கதை மாறுகிறது. அந்த 1,000 லூமன் நம் திரையின்மேல் ஏறத்தாழ 360 லக்ஸாக, அதாவது சதுர மீட்டருக்கு 360 லூமனாக, விழுகிறது. அறையில் எரியும் விளக்கிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் 50 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் திரைக்கு வருகிறது என்று கொள்வோம். படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் இப்போது 50 லக்ஸில் ஒளிரும். வெள்ளை 410 லக்ஸில் ஒளிரும். இரண்டுக்கும் இடையே எட்டு மடங்கு வித்தியாசம்தான் மிஞ்சுகிறது. கூடுதல் விலை கொடுத்து இருமடங்கு லூமன் உள்ள கருவியை வாங்கினால் அந்த எட்டு, பதினைந்தாகும். பழைய கருவியையே வைத்துக்கொண்டு கனமான திரைச்சீலை போட்டு வெளி வெளிச்சத்தை 5 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் அது எழுபதைத் தாண்டும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் ஜன்னலுக்குச் செலவிடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான்.

ஜன்னலை மூட முடியாது, எல்லோரும் புழங்கும் கூடம்தான் படம் பார்க்கும் இடம் என்றால், யுஎஸ்டி தன் உண்மையான பலத்தைக் காட்டுகிறது. அந்தப் பலம் கருவியைவிட அதற்கென்று செய்யப்படும் திரையில்தான் அதிகம். அதன் மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கிடைமட்ட வரிகள் வாள்பற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியின் கீழ்ப்பக்கமும் அடியிலிருந்து வரும் புரொஜெக்டரின் ஒளியைப் பார்ப்பவரை நோக்கித் திருப்பிவிடும். கறுப்பு பூசிய மேற்பக்கம், சீலிங் விளக்கிலிருந்து இறங்கும் ஒளியை விழுங்கிவிடும். விரல் நகத்தால் மெல்ல மேலும் கீழுமாக வருடினால் அந்த வரிகளின் சொரசொரப்பை உணரலாம். கடையில் மாதிரித் துண்டு கொடுத்தால் செய்து பாருங்கள், வீட்டிலுள்ள திரையில் வேண்டாம். மேலிருந்து வரும் வெளிச்சத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. பக்கவாட்டு ஜன்னலிலிருந்து திரையின் உயரத்திலேயே நுழையும் வெயிலை இது அவ்வளவாகத் தடுக்காது. இந்தத் திரையை வாங்கி, பிறகு மனம் மாறிச் சீலிங்கில் புரொஜெக்டர் மாட்டினால், திரை அதன் ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

திரையின் சமதளத்திலும் இரு வகைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. யுஎஸ்டியின் ஒளி திரையை உரசிக்கொண்டு செல்வதால், ஒரு சிறு மேடு கூடத் தன் நிழலை நீளமாக விடுகிறது. மாலை வெயிலில் கூழாங்கல்லின் நிழல் நீள்வதைப் போன்றது இது. சுருட்டி மேலேற்றும் சாதாரணத் திரையில் சில மாதங்களில் தோன்றும் அலைகள், வழக்கமான புரொஜெக்டரில் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் மட்டும் லேசாகத் தெரியும். யுஎஸ்டியிலோ நேர்கோடுகள் எல்லாம் பாம்பாக நெளியும். வெறும் சுவரில் போட்டால் ரோலரால் பெயின்ட் அடித்த தடம் கூடத் தெரியும். எனவே யுஎஸ்டிக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரை கட்டாயம். சீலிங் புரொஜெக்டருக்கு, நன்கு தேய்த்து மங்கலான வெள்ளை பூசிய சுவரே ஆரம்பத்தில் போதும். திரையைப் பிறகு நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திரையைச் சுற்றியுள்ள சுவரும் சீலிங்கும் வெள்ளையாக இருந்தால், படத்தின் ஒளியே அவற்றில் பட்டுத் திரும்பிவந்து கறுப்பைக் கெடுக்கும். முதல் ஒரு மீட்டரையாவது பளபளப்பில்லாத அடர்நிறமாக்கிக்கொள்வது நல்லது.

உள்ளே இருக்கும் சிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சிப்பை அடிப்படையாகக் கொண்டது டிஎல்பி. யுஎஸ்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. ஒற்றைச் சிப் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் கீற்று தெரியும். தெரியாதவர்களுக்கு அது ஒருபோதும் தெரிவதில்லை. ஆகவே வாங்குமுன் வீட்டிலுள்ள அனைவரும் பார்த்துவிடுவது நல்லது. மூன்று எல்சிடி தகடுகளைக் கொண்ட கருவிகளில் இந்தக் குறை இல்லை. ஒளியைப் பிரதிபலிக்கும் சிலிக்கான் சிப்பின்மேல் திரவப் படிகத்தை வைத்துப் படம் காட்டும், எல்காஸ் எனப்படும் மூன்றாவது வகையை, சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் ஜேவிசி டி-இலா என்றும் அழைக்கின்றன. கறுப்பின் ஆழத்தில் மற்ற இரண்டும் அதற்குப் பின்னால்தான். இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் சீலிங் வகையாகவே வருகின்றன. நன்கு இருட்டாக்கிய அறையில் இரவுக் காட்சிகளை ரசிப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். அரை வெளிச்சக் கூடத்தில் வைத்தால் அதற்குக் கொடுத்த விலை வீண்.

ஒளிமூலத்தில் யுஎஸ்டிகள் அநேகமாக அனைத்தும் லேசருக்கு மாறிவிட்டன. சீலிங் வகையில் பாதரச விளக்கு உள்ளவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. விளக்கின் ஆயுள் பொதுவாக 3,000 முதல் 5,000 மணி நேரம். லேசருக்கு 20,000 மணி நேரம் என்று குறிப்பிடுகிறார்கள். இரண்டிலுமே ஆயுள் என்பது பிரகாசம் பாதியாகக் குறைய ஆகும் காலம். நாளுக்கு மூன்று மணி நேரம் பார்த்தால், 4,000 மணி நேர விளக்கு மூன்றரை ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும். லேசர் 18 ஆண்டுகள் வரும், அதற்குள் கருவியே பழசாகிவிடும். விளக்கு உள்ள கருவியை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. விசிறி ஓடி விளக்கு குளிர்ந்து அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். யுஎஸ்டி குழந்தைகளின் கண் உயரத்தில் மேல்நோக்கி ஒளி வீசுவதால், யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் ஒளியைக் குறைக்கும் சென்சார் அதில் இருக்கும். வாங்கிய அன்றே அது வேலை செய்கிறதா என்று ஒரு காகிதத்தை நீட்டிச் சோதித்துவிடுங்கள்.

அன்றாடப் புழக்கத்தில் யுஎஸ்டிக்கு ஒரு தெளிவான வசதி உண்டு: செட்-டாப் பாக்ஸும் ஸ்பீக்கரும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருப்பதால் கேபிள் ஒன்றிரண்டு மீட்டரில் முடிந்துவிடும். ஆனால் வசனம் ஒலிக்கும் நடு ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் கருவியே உட்கார்ந்துகொள்கிறது. சீலிங் வகைக்குச் சுவர் வழியாக 10 மீட்டர் கேபிள் போகும். 4கே படத்தை நொடிக்கு 60 ஃபிரேமாக அனுப்ப நொடிக்கு 18 ஜிகாபிட் வரை தேவைப்படும். அந்த நீளத்தில் சாதாரணச் செம்புக் கேபிள் அடிக்கடி படத்தை விட்டுவிடும் என்பதால் ஒளியிழை ஹெச்டிஎம்ஐ கேபிளே நம்பகமானது. அதில் ஒரு முனையைப் படம் அனுப்பும் கருவியிலும் மறுமுனையைப் புரொஜெக்டரிலும்தான் செருக வேண்டும், மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. முனைகளில் எழுதியிருப்பதைப் படிக்காமல் குழாய்க்குள் இழுத்துவிட்டுச் சிமென்ட் பூசியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்குள் இழுப்பதற்கு முன்பே, தரையில் வைத்து இரு முனைகளையும் செருகி ஒரு முழுப் படத்தை ஓட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

எந்த வகையானாலும் ஃபோகஸ் வைப்பதற்கு அவசரப்படக் கூடாது. கருவி சூடேறும்போது லென்ஸ் சற்று விரிவதால், குளிர்ந்த நிலையில் துல்லியமாக வைத்த ஃபோகஸ் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு, சிறிய எழுத்துகள் உள்ள ஒரு மெனுவைத் திரையில் வைத்து, திரைக்கு அருகிலேயே நின்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சீலிங் வகையில் நடுப்பகுதி தெளிந்தால் ஓரங்களும் பெரும்பாலும் தெளிந்துவிடும். யுஎஸ்டியில் நடுப்பகுதி கூர்மையாகும்போது மேல் மூலைகள் மங்கும், மூலைகள் கூர்மையானால் நடுப்பகுதி மென்மையாகும். படத்தின் அடியில் வரும் வசனங்களைப் படிக்கிறவர்கள் மேல் மூலைகளை விட்டுக்கொடுத்து, நடுவையும் அடிப்பகுதியையும் கூர்மையாக வைத்துக்கொள்ளலாம்.