உப்புவெளி டிஸ்பென்சரியும் என் அப்பாவின் கோபமும்

அப்பாவுக்கு 71 வயது. திருகோணமலை வீரநகரில் கடலுக்குப் போன மனுசன். காது மந்தம், 14 வருடமாகச் சீனி வருத்தம், கோபம் எப்போதும் மூக்கு நுனியில். முன்பு காட்டிய ஒரு இடத்தில் "இவர் பிரச்சினைக்காரர்" என்று எங்கள் காதுபடவே சொன்னார்கள். ஒருநாள் கத்தினார் என்று வாசலுக்கு வெளியே நிற்கவும் வைத்தார்கள். அன்றோடு அப்பா கிளினிக் போவதையே விட்டுவிட்டார். ஐந்து மாதம் மருந்தில்லை.

அதன் பிறகுதான் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரமாக இருக்கிற இந்தச் சின்ன டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டருக்கு விளம்பரம் பிடிக்காது, அதனால் பெயரைப் போடவில்லை. வாசலில் பெரிய வேப்பமரம் நிற்கும்.

மூன்றாவது முறை போனது பாஸ்டிங் சுகர், அதாவது வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, பார்க்க. எங்கள் துண்டு நம்பர் 23. ஒன்பது மணிக்குப் பிறகும் 15தான் ஓடுகிறது. அப்பா தடியால் தரையில் அடித்து, "என்ன எங்களை நாயெண்டு நினைச்சினமோ?" என்று கத்தத் தொடங்கிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பழையபடி வெளியே போகச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மிஸ்ஸி (தாதி) வந்தா. "சத்தம் போடாதேங்கோ" என்று சொல்லவில்லை. வாங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில், கேட்கிற காதுப் பக்கமாக இருந்து, கையைப் பிடித்தா. பிடித்த உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, கை சில்லிட்டு வேர்த்திருக்கு. காலையில குளிசை போட்டவரோ?" என்றா. போட்டிருந்தார். வெறும் வயிற்றோடு, பழக்க தோசத்தில், சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசை. விரலில் குத்திப் பார்த்தால் 54. 70க்குக் கீழே போனாலே சீனி குறைவென்று அர்த்தம். நடுக்கம், வியர்வை, குழப்பத்தோடு இப்படிக் காரணமில்லாத கோபமும் வருமாம். இரத்தப் பரிசோதனையை அன்றைக்கு விட்டுவிட்டு, மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தார்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்தியபோது 92. அப்பா தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "பிள்ளை, நான் ஏசினனானோ?" என்று மிஸ்ஸியைக் கேட்டார்.

அன்று அவரைத் துரத்தியிருந்தால் வழியிலேயே விழுந்திருப்பார். இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. டொக்டர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "பாஸ்டிங் நாளில் இரத்தம் எடுத்த பிறகே குளிசை, சாப்பாட்டோடு" என்று தமிழில் எழுதித் தந்தார்.

பொறுமை என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். தூக்கக் குளிசை கேட்டு ஒருவர் மேசையில் அடித்து, துண்டு கொடுக்கிற பிள்ளையைத் தூசணத்தால் ஏசினார். டொக்டர் எழும்பி வெளியே வந்து, குரலை உயர்த்தாமல், "உங்கட பிரச்சினையை எவ்வளவு நேரமெண்டாலும் கேக்கிறன். இந்தப் பிள்ளையை ஏச மட்டும் விடமாட்டன்" என்றார். பிறகு உள்ளே கூட்டிப்போய் இருபது நிமிடம் கதைத்தார். குளிசை கொடுக்கவில்லை, அடுத்த கிழமை வரச் சொல்லித் திகதி கொடுத்தார். அந்த மனிதர் அடுத்த கிழமை வந்ததையும் கண்டேன். தடிமனுக்கு அன்டிபயோட்டிக் எழுதச் சொல்லி வற்புறுத்துகிற தாய்மாருக்கும் அப்படித்தான்: வைரசுக்கு அது வேலை செய்யாது என்று விளங்கப்படுத்துவார், பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினால், தண்ணீர் குடிக்க மறுத்தால், உடனே தூக்கி வரச் சொல்லுவார்.

குறையும் இருக்கிறது. டொக்டரின் அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். உள்ளே பேசுவது வாங்கில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறது. மனம் திறந்து பேச வருகிற இடத்தில் இது சரியில்லை. மிஸ்ஸியிடம் நேராகவே சொன்னேன், கதவு போடுவதாகச் சொல்லியிருக்கிறா. அப்புறம், நேரம் போகும். ஒருவரோடு இருபது நிமிடம் கதைத்தால் மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

மருந்தோடு சேர்த்து எங்களுக்கு 900 ரூபாய் அளவில் வருகிறது. சனிக்கிழமை காலை போக வேண்டாம், கால் வைக்க இடமிருக்காது. புதன் பின்னேரம் நல்லது. காது கேளாதவர், சட்டென்று கோபப்படுகிறவர் யாரையாவது கூட்டிப்போனால் துண்டு எடுக்கும்போதே சொல்லுங்கள், மிஸ்ஸி தன் மேசைக்குக் கிட்டவே இருத்துவா.