டிஸ்க் பெரிதாக்கும் ஸ்கிரிப்ட்: நாலு வருஷ அனுபவம்

நாகர்கோவிலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொள்ளும் அமேசான் கிளவுட் சர்வர்கள் 11. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் ஷீட் வியாபாரிகளின் கணக்கு வழக்கெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. டிஸ்க் நிறைந்தால் பெரிதாக்க நானே எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சின்ன நிரல்) நாலு வருஷமாக ஓட்டுகிறேன். 40 வரியில் தொடங்கியது, இப்போது 150-ஐத் தொடுகிறது. கூடிய வரிகளில் பாதிக்கு மேல், தப்பான டிஸ்கில் கை வைக்காமல் இருப்பதற்காகச் சேர்த்தவை.

வேலை மூன்று படிதான். வால்யூமின் (அமேசான் தரும் கிளவுட் டிஸ்க்) அளவைக் கூட்டணும், குரோபார்ட் என்ற கருவி கொண்டு பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதி) நீட்டணும், அப்புறம் அதற்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தை விரிக்கணும். 2017-ல் இருந்து இதற்காக சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. கூட்டியபின் வால்யூமின் நிலை 'ஆப்டிமைசிங்' என்று வந்தாலே அடுத்த படிக்குப் போகலாம். இது தெரியாமல் முதல் வருஷம் 'கம்ப்ளீட்டட்' வரும்வரை மணிக்கணக்கில் காத்துக் கிடந்தேன்.

என்னை ரொம்பப் படுத்தியது ஓர் ஐப்பசி மழை நாள். சாயங்காலம் வீட்டில் கரண்ட் இல்லை, லேப்டாப்பில் சார்ஜ் 20 சதவீதம். ஆபீஸ் தம்பி போன் செய்தான்: "அண்ணே, பில்லு அடிக்க முடியலன்னு குலசேகரத்துல இருந்து கூப்பிடுதாவ." சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் லாக் ஃபைல் பெருகி, சிஸ்டமே இருக்கும் ரூட் டிஸ்க் 100 சதவீதம் நிறைந்துவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டினேன். வால்யூம் கூடியது, குரோபார்ட் மட்டும் இடமில்லை என்று நின்றுவிட்டது. அது வேலை செய்ய, தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் டைரக்டரியில் கொஞ்சம் இடம் வேண்டும், அதுவும் அதே டிஸ்கில்தானே இருக்கிறது! மெமரியிலிருந்து 10 எம்பி எடுத்து டெம்ப் மேல் டிஸ்க் மாதிரி மவுன்ட் செய்த (இணைத்த) பிறகுதான் நகர்ந்தது. அந்த ஒரு வரி இப்போது ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

டிஸ்க் பெயரை நம்பவே கூடாது. நாம் எஸ்டிஎஃப் என்ற பெயரில் மாட்டிய டிஸ்க், புதுத் தலைமுறை சர்வர்களில் என்விஎம்இ என்று தொடங்கும் வேறொரு பெயரில் நிற்கும். ரீபூட் ஆனால் வரிசையே மாறலாம். அதனால் டிஸ்கின் சீரியல் நம்பரை வால்யூம் ஐடியோடு ஒப்பிடுகிறேன். ஐடியில் வரும் சின்னக் கோடு சீரியலில் இருக்காது, அதை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். குரோபார்ட்டுக்கு டிஸ்க் பெயரும் பார்ட்டிஷன் எண்ணும் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டுத் தரணும். கடைசிப் படியில் ஃபைல் சிஸ்டத்தை விரிக்கும் கட்டளைக்கு, அது எக்ஸ்ட்4 வகை என்றால் டிவைஸ் பெயர் தரணும், எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் மவுன்ட் ஆன இடம் தரணும். மாற்றமில்லை என்றாலும் குரோபார்ட், பிழை வந்த மாதிரி 1 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறும். பிழை வந்தால் நிற்கும்படி எழுதிய ஸ்கிரிப்ட், இரண்டாம் தடவை ஓட்டும்போது அங்கேயே செத்துவிடும். ஆகவே அதைத் தனியாகப் பிடிக்கணும்.

கூட்டிய வால்யூமைக் குறைக்க வழியே கிடையாது. ஒருதடவை 50 என்பதற்கு 500 என்று அடித்துவிட்டேன். சின்னதாகப் புது வால்யூம் எடுத்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி போட்டு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போச்சு. இப்போது இரண்டு மடங்குக்கு மேல் கேட்டால், ஸ்கிரிப்ட் எண்ணை மறுபடி அடிக்கச் சொல்லும். வால்யூமின் காப்பு நகலான ஸ்னாப்ஷாட் முடியாமல் முதல் படிக்கே போகாது.

எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு அடுக்கு) உள்ள இரண்டு சர்வர்களை மட்டும் இன்னும் கையால்தான் செய்கிறேன். அதையும் சேர்க்கும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.